குழாய் வழி மாறியிருந்தால் சி.டி.யா, ஆஞ்சியோவா?

இதய ரத்தக்குழாய் வழக்கமான இடத்திலிருந்து கிளம்பவில்லை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்துவிட்டால் போதும், வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. தஞ்சாவூரில் ஆஞ்சியோ செய்கிற கேத் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் அந்த வரியைக் காட்டிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். ஒரு டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்; இன்னொருவர் ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்க்குள் குழல் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே படம், போட்டுப் பார்த்துவிடலாம் என்கிறார்; சொந்தக்காரர் ஒருவர், பிறவியிலிருந்தே இருப்பதுதானே, விட்டுவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

முடிவு டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுப்பது. ஆனால் எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தரும் என்று தெரிந்துகொண்டு போனால், ஓ.பி.யில் கிடைக்கிற சில நிமிஷத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்பது கேள்வியானால் ஆஞ்சியோ. குழாய் எங்கே கிளம்பி எந்த வழியாகப் போகிறது என்பது கேள்வியானால் சி.டி. உங்கள் கேள்வி இவற்றில் எது என்பதைத்தான் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் வழக்கம் என்ன என்று பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி புறப்படும் அடிப்பகுதியில், வால்வுக்குச் சற்று மேலே, மூன்று புடைப்புகள் உண்டு. வலப் புடைப்பிலிருந்து வலது குழாய் கிளம்பும். அதை நாங்கள் ஆர்சிஏ என்போம். இடப் புடைப்பிலிருந்து கிளம்பும் இடது குழாய் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரியும். முன்புறமாக இறங்குவது எல்ஏடி, பின்பக்கமாகச் சுற்றிப் போவது சர்க்கம்ப்ளெக்ஸ். பாடப்புத்தகப் படம் இவ்வளவுதான். நிஜத்தில் மேஜையில் படுப்பவர்கள் ஒருவர் மாதிரி இன்னொருவர் இருப்பதில்லை.

கல்லணையில் பிரிகிற தண்ணீர் ஓர் ஊருக்குக் காவிரி வழியாகவும் இன்னோர் ஊருக்கு வெண்ணாறு வழியாகவும் போய்ச் சேர்வதைப் போல, இதயத்தின் பின்-அடிப்பகுதி என்கிற கடைமடைக்கு எந்தக் குழாய் பாய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 100 பேரில் 80 முதல் 85 பேருக்கு வலது குழாய் பாய்ச்சுகிறது. 10 பேருக்குக் கொஞ்சம் குறைவாக இடது சர்க்கம்ப்ளெக்ஸ் பாய்ச்சுகிறது. மீதிப் பேருக்கு இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ரிப்போர்ட்டில் ‘லெஃப்ட் டாமினன்ட்’ என்று இருந்தால் அது நோயின் பெயர் அல்ல, பாசன அமைப்பு அவ்வளவுதான். பின்னாளில் அந்த இடது பக்கத்தில் அடைப்பு வந்தால் பாதிக்கப்படும் பரப்பு பெரிதாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; இன்றைக்கு அதற்காகச் செய்ய வேண்டிய வைத்தியம் எதுவும் இல்லை. எல்ஏடிக்கும் சர்க்கம்ப்ளெக்ஸுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கிளை, ரேமஸ், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கும். இவற்றுக்காக யாரும் இன்னொரு சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கிளம்பும் இடமே மாறியிருப்பது வேறு சங்கதி. 1990-இல் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 1,26,595 பேருடைய ஆஞ்சியோ படங்களைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில் 1.3 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட மாற்றங்கள் இருந்தன. அவற்றிலும் ஐந்தில் நான்கு பங்கு தொந்தரவு தராதவை. ஆக, ரிப்போர்ட்டில் அந்த வரி வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். மிச்சமுள்ள இருவர் யார் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சரியான சோதனை வேண்டும்.

அந்த இருவரைத் தீர்மானிப்பது குழாய் போகிற வழி. உதாரணமாக, சர்க்கம்ப்ளெக்ஸ் வலப்பக்கத்திலிருந்து கிளம்பி மகாதமனிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வரலாம். அடிக்கடி நாங்கள் பார்ப்பது இதைத்தான், தீங்கு இல்லாதது. நுரையீரல் தமனிக்கு முன்னால் போகலாம், அதிலும் பெரும்பாலும் பயமில்லை. இதயத்தின் நடுச்சுவருக்குள் இறங்கிப் போவதும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடைப்பட்ட சந்து வழியாகப் போகிறதென்றால், அதுவும் போவது இடது குழாய் என்றால், கதையே வேறு. அந்தக் குழாயின் வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போல ஒடுங்கியிருக்கும். சாய்வாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே ஓடும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது மகாதமனி விரிய, அந்தக் கீறல் இன்னும் ஒடுங்கும். விளையாட்டு மைதானத்தில் திடீரென்று சுருண்டு விழுகிற இளவயதுக்காரர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் இதுதான்.

இப்போது இரண்டு சோதனைகளுக்கும் வருவோம். ஆஞ்சியோவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இருக்கிறது, தினமும் பார்ப்பது அதுதான். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் கதீட்டர் என்கிற மெல்லிய குழலை மகாதமனி வரை ஏற்றுவார்கள். நுனி வளைந்த அந்தக் கதீட்டர் குழாயின் வாயில் போய் உட்கார வேண்டும். வழக்கமான இதயம் என்றால் சில நொடிகளில் உட்கார்ந்துவிடும். வழி மாறிய குழாய் என்றால் அங்கேதான் சிக்கல் தொடங்கும். டாக்டர் வலப் புடைப்பில் தேடுவார், கதீட்டர் வழுக்கும். படத்தில் ரத்தக்குழாயைத் தெரியவைக்கும் மருந்தான டையைக் கொஞ்சம் அடித்துப் பார்ப்பார், திரையில் புடைப்பு மட்டும் கறுத்து மறையும், குழாய் தெரியாது. ‘ஆம்ப்ளாட்ஸ் கொடுங்க’ என்பார். வேறு வளைவுள்ள கதீட்டரைப் பிரித்துக் கொடுப்பேன். அதுவும் இல்லையென்றால் இன்னொன்று. நேரம் கூடும், டை கூடும், கதிர்வீச்சும் கூடும். மேஜையில் படுத்திருப்பவர், ‘என்ன சார், ஏதும் பிரச்சினையா?’ என்று தலையைத் தூக்குவார். எல்ஏடியும் சர்க்கம்ப்ளெக்ஸும் தனித்தனி வாயில் கிளம்புகிறவர்களிடம் ஒன்றில் மட்டும் கதீட்டர் உட்கார்ந்துவிட்டால், மற்றது அடியோடு அடைத்துக்கொண்டது போலத் திரையில் தோன்றும்; நிதானமாக வெளியே இழுத்து இன்னொரு வாயைத் தேட வேண்டும்.

குழாயைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு குறை உண்டு. ஆஞ்சியோ காட்டுவது டை ஓடுகிற குழியின் நிழலை. பக்கத்தில் இருக்கிற மகாதமனியும் நுரையீரல் தமனியும் அந்தப் படத்தில் இல்லை. வழி மாறிய குழாய் அவற்றுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, நடுவில் போகிறதா என்பதைக் கோணம் மாற்றி மாற்றிப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். ஆனாலும் ஓர் இளைஞனின் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவை ஊகத்தின் மேல் வைக்கக் கூடாது.

ஆஞ்சியோவின் பலமும் சிறிதல்ல. அடைப்பு எத்தனை சதவீதம் என்று கச்சிதமாகக் காட்டும். சுண்ணாம்பு படிந்து கல் போல ஆன குழாயிலும் குழப்பாது. சந்தேகம் இருந்தால் அழுத்தம் அளக்கும் கம்பியை உள்ளே அனுப்பி, இந்த ஒடுக்கம் ரத்த ஓட்டத்தை நிஜமாகவே குறைக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் அதே மேஜையில், ஒடுங்கிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டும் வைக்கலாம். உடம்புக்குள் கருவி நுழைகிற சோதனை என்பதால் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சிக்கல் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். அடைப்பு இருக்கிறவருக்கு அந்த ஆபத்தை ஏற்பது நியாயம். வழியை மட்டும் தெரிந்துகொள்ள அதை ஏற்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சி.டி.யில் கையில் போட்ட ஊசி வழியாக டை போகும். குழாயோடு சேர்த்து மகாதமனி, நுரையீரல் தமனி, இதயச் சுவர் எல்லாம் ஒரே படத்தில் விழும். கம்ப்யூட்டரில் அதைத் திருப்பித் திருப்பி எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வாய் வட்டமா கீறலா, எவ்வளவு தூரம் சுவருக்குள் ஓடுகிறது என்று மில்லிமீட்டரில் அளக்கலாம். அறுவை சிகிச்சை நிபுணர் கத்தியை எடுக்கும் முன் கேட்பது இந்தப் படத்தைத்தான்.

அது நன்றாக வர வேண்டுமானால் நீங்கள் ஒத்துழைக்க வேண்டும். துடிப்பு நிமிஷத்துக்கு 60, 65-க்குக் கீழே இருந்தால் படம் தெளிவாக விழும். அதனால் முன்கூட்டியே மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை கொடுத்து உட்கார வைப்பார்கள்; காலையிலிருந்து காபி, டீ வேண்டாம் என்பார்கள். படம் எடுக்கும்போது சில நொடிகள் மூச்சைப் பிடிக்க வேண்டும். டை ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் கழித்துவிட்டது போலக்கூடத் தோன்றும். அதைக் கண்டு திடுக்கிட்டு மூச்சை விட்டால் படம் கலங்கிவிடும், ஆகவே முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாக்குக்கு அடியில் நைட்ரேட் மருந்து தருவார்கள். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை ஏதும் சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் கிரியாட்டினின் கூடியிருப்பவர்களும் முன்னதாகவே சொல்ல வேண்டும். டை சிறுநீரகத்துக்குச் சுமை என்பது இரண்டு சோதனைக்கும் பொது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், ‘இறால் சாப்பிட்டால் அரிக்கும், டை ஒத்துக்கொள்ளுமா?’ என்று கேட்பார்கள். இறால் அலர்ஜிக்கும் இந்த டைக்கும் தனிப்பட்ட தொடர்பு கிடையாது. முன்பு எப்போதாவது டை போட்டே அலர்ஜி வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சி.டி. தடுமாறும் இடம் வயதானவர்களின் குழாய். சுண்ணாம்புப் படிவு நிறைய இருந்தால் படத்தில் அது ஊதித் தெரியும், இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டும். துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்கும் படம் சரியாக வராது.

இதை ஆட்களை வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். 58 வயது, இருபது வருஷச் சர்க்கரை, பீடிப் பழக்கம், வயலில் வரப்பேறும்போது நெஞ்சை அழுத்துகிறது என்கிறார். எக்கோ பார்த்தவர் குழாயின் தொடக்கம் வித்தியாசமாக இருப்பது போல எழுதியிருக்கிறார். இவருக்கு முதலில் ஆஞ்சியோதான். இவருடைய நெஞ்சுவலிக்குப் பிறவிக் குழாயைவிட அடைப்பு காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வழியில் சந்தேகம் மிஞ்சினால் பிறகு சி.டி. எடுத்துக்கொள்ளலாம்.

மாறாக, 17 வயதுப் பையன். பொங்கல் சமயத்துக் கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது கோட்டருகே மயங்கி விழுந்தவன். ஒரத்தநாடு பக்கத்திலிருந்து அப்படி ஒருவனைக் கூட்டி வந்திருந்தார்கள். ஈசிஜி நார்மல், ட்ரெட்மில் டெஸ்ட்டும் நார்மல். அவனுடைய அப்பா என்னிடம், ‘டிரெட்மில்லுல நல்லாத்தானே ஓடுனான் தம்பி, பின்ன எதுக்கு சி.டி.? வெயில்ல சாப்பிடாம ஆடிருக்கான், அதான்’ என்றார். அவர் ஆறுதல் தேடியதில் தப்பில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ட்ரெட்மில்லை நம்பி உட்காரக் கூடாது. இரண்டு தமனிக்கு நடுவில் குழாய் ஓடுகிறவர்களுக்கு ஒரு தடவை ஓட விட்டுப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மரவிச் பத்து சீசன் தொழில்முறை ஆட்டம் ஆடி ஓய்வு பெற்றவர். 1988-இல், 40 வயதில், நண்பர்களோடு ஆடும்போது விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இடது குழாயே இல்லை என்று தெரிந்தது. ஆடும்போது, ஆடி முடித்த கணத்தில், மயக்கமோ நெஞ்சுவலியோ வந்த பிள்ளைக்கு எக்கோவில் இரண்டு குழாயின் வாயையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எக்கோவில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் சி.டி. அது முடிகிற வரை ஆட்டம் வேண்டாம். இதை மட்டும் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வகை, எல்ஏடியின் ஒரு துண்டு தசைக்குள் புதைந்து ஓடுவது. ‘மயோகார்டியல் பிரிட்ஜ்’ என்று ரிப்போர்ட்டில் வரும். பிரேதப் பரிசோதனைகளில் மூன்றில் ஒருவருக்கு என்ற அளவில்கூட இது இருந்திருக்கிறது. ஆஞ்சியோவில் அதைவிட மிகக் குறைவாகவே தென்படும், சி.டி.யில் கூடுதலாகத் தெரியும். அதனால் சி.டி. எடுத்த பிறகு ‘புதுசா ஒண்ணு வந்திருக்கு’ என்று பயந்து வருகிறவர்கள் அதிகம். வந்ததல்ல, பிறந்ததிலிருந்து இருப்பது. வலி இல்லையென்றால் வைத்தியம் இல்லை. வலி இருந்தால் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை முதல் வழி. நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இவர்களில் சிலருக்கு வலியைக் கூட்டிவிடும் என்பதால், பக்கத்து வீட்டு மாமாவிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். புதைந்த துண்டில் ஸ்டென்ட் வைப்பதை நான் விரும்பமாட்டேன்; துடிப்புக்குத் துடிப்பு தசை நெரிக்கிற இடம், ஸ்டென்ட் முறியவும் மறுபடி அடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். மகாதமனிக்குப் பின்னால் போகிற சர்க்கம்ப்ளெக்ஸ் என்று சி.டி.யில் உறுதியாகிவிட்டால் மாத்திரையும் வேண்டாம், வருஷா வருஷம் சோதனையும் வேண்டாம். நடவுக்கும் போகலாம், மூட்டையும் தூக்கலாம். ஒரே ஒரு ஜாக்கிரதை: பின்னாளில் வால்வு ஆபரேஷன் வந்தால் அந்த ரிப்போர்ட் சர்ஜன் கையில் இருக்க வேண்டும். வால்வு தைக்கிற இடத்தை ஒட்டியே அந்தக் குழாய் போகிறது, ஊசி அதில் பட்டுவிடக் கூடாது. சின்ன வயசில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது முக்கியம்.

சந்து வழியாகப் போகிற குழாய் என்று உறுதியானால்? அமெரிக்க இதயநோய் சங்கங்களின் 2018 வழிகாட்டுதல் தொந்தரவோ ரத்தம் குறைவதற்கான ஆதாரமோ இருந்தால், இடமானாலும் வலமானாலும், அறுவை சிகிச்சை என்கிறது. தொந்தரவே இல்லாவிட்டாலும் இடது குழாய்க்கு அறுவை சிகிச்சை நியாயமானது என்கிறது. தொந்தரவில்லாத வலது குழாயைக் கண்காணித்து வரவும் இடம் தருகிறது. செய்வது பெரும்பாலும் பைபாஸ் அல்ல. சுவருக்குள் ஓடும் துண்டைத் திறந்து வாயை அகலமாக்குகிறார்கள். பைபாஸ் போட்டால், பழைய குழாயிலும் ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டிருப்பதால் புதுக் குழாய்க்கு வேலை இல்லாமல் அது சுருங்கி மூடிக்கொள்ளக்கூடும். ஆகவே ‘பைபாஸ் பண்ணிடலாம்’ என்று யாராவது சுலபமாகச் சொன்னால், ஏன் பைபாஸ் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இது எல்லா இதய ஆபரேஷன் தியேட்டரிலும் அடிக்கடி நடக்கிற வேலை அல்ல. சி.டி.யும் ஆஞ்சியோவும் தஞ்சாவூர், திருச்சியிலேயே முடிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறவி இதயக் கோளாறுகளை வழக்கமாகச் செய்கிற குழு உள்ள சென்னை, வேலூர், திருவனந்தபுரம் மாதிரி இடத்துக்குப் போவதையே நான் சொல்வேன். அலைச்சல்தான், ஆனால் வாழ்நாளில் ஒரு தடவை செய்கிற அலைச்சல். காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எது அடங்கும், எது அடங்காது என்று அட்மிட் ஆகும் முன்பே கவுன்டரில் எழுதி வாங்குங்கள்.

அறுவடை முடியட்டும், கோயில் விசேஷம் கழியட்டும் என்று தள்ளிப்போடலாமா என்றும் கேட்பார்கள். பின்வழிக் குழாய்க்குத் தள்ளிப்போட ஒன்றுமே இல்லை. மயக்கம் வந்த இளவயதுக்காரருக்குத் தள்ளிப்போடக் கூடாது. லீவில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர்கள் டிக்கெட் தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவார்கள், சி.டி.க்கு ஒரு நாள் போதும், அதை முடித்துவிட்டு ஏறுங்கள்.

எங்கே எடுத்தாலும் ரிப்போர்ட் தாளோடு நின்றுவிடாமல் படம் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். தாளில் இருப்பது ஒருவர் பார்த்த விதம். டிஸ்க் இருந்தால் சென்னையில் இருக்கிற நிபுணர் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுத் திருப்பிப் பார்த்துச் சொல்வார். இன்னொரு தடவை டை ஏற்ற வேண்டியதில்லை. தாளில் நான்கு விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: எந்தப் புடைப்பிலிருந்து கிளம்புகிறது, எந்த வழியாகப் போகிறது, வாய் எப்படி இருக்கிறது, சுவருக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது. இவற்றில் எது விட்டுப்போயிருந்தாலும் படம் பார்த்த ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லலாம். கேட்டால் சேர்த்துத் தருவார்கள்.

இவ்வளவு ஒப்பீடும் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் சி.டி.யா ஆஞ்சியோவா என்ற பேச்சுக்கே இடமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் ஊர் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் தொடங்கியதிலிருந்து மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். பழைய ரிப்போர்ட்டும் டிஸ்க்கும் வீட்டில் இருந்தால் கூட வருகிறவர் கையோடு எடுத்து வரட்டும். எந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், அந்த நேரத்தில் எந்தக் கதீட்டரை முதலில் பிரிப்பது என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்க மாட்டோம்.